அலுவல் எண்ணும் அலுவல் நேரமும்: வரிக்கணக்கு எழுதும் ஒருவரின் பயன்பாட்டு அனுபவம்

பாளையங்கோட்டையில் வரிக்கணக்கு எழுதிக் கொடுக்கும் சிறு அலுவலகம் ஒன்றை நடத்தி வருகிறேன். நெல்லை டவுன் ரதவீதிக் கடைக்காரர்களும் சங்கரன்கோவில் விசைத்தறி உரிமையாளர்களும் என் வாடிக்கையாளர்களில் பெரும்பகுதியினர். அவர்களுடைய பில்கள் வாட்ஸ்அப் வழியாகவே வந்து சேர்வதால், அலுவலகத்தைப் பூட்டிய பிறகும் வேலை கைப்பேசிக்குள் இருந்துகொண்டு வீடு வரை வந்துவிடும். இதற்காக வாட்ஸ்அப் பிசினஸ் செயலி, அலுவலுக்கெனத் தனி சிம், ஆண்ட்ராய்டு கைப்பேசியின் தொந்தரவு தவிர்க்கும் அமைப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். வாடிக்கையாளரின் அவசரத்தோடு வாழ வேண்டிய எந்தத் தொழிலில் இருப்பவருக்கும் இந்த அனுபவம் உதவக்கூடும்.

அந்த அவசரத்தின் காரணத்தை முதலில் சொல்ல வேண்டும். மாதந்தோறும் ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்பவர், விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தை அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள்ளும், வரி செலுத்தும் 3பி படிவத்தை 20ஆம் தேதிக்குள்ளும் அளிக்க வேண்டும். 11ஆம் தேதியைத் தவறவிட்டால், சரக்கு வாங்கியவருக்காக 14ஆம் தேதி உருவாகும் 2பி அறிக்கையில் அந்த பில்கள் இடம்பெறாமல் போய், அவர் தமக்குரிய உள்ளீட்டு வரி வரவை, அதாவது வாங்கியபோது கொடுத்த வரியைத் தம் வரியில் கழித்துக்கொள்ளும் உரிமையை, அந்த மாதம் எடுக்க முடியாது. அவர் கடைக்காரரிடம் கோபித்துக்கொள்வார். கடைக்காரர் என்னிடம் வருவார். 3பி தாமதமானாலோ வரி உள்ள கணக்கிற்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்டணமும், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியும் சேரும். ஆகவே இரவு பத்து மணிக்கு, “அண்ணாச்சி, அந்த பில்லு ஏறிட்டா?” என்று கேட்பவர் மீது எனக்கு வருத்தம் கிடையாது. அவர் கேட்பது அவருடைய பணத்தைப் பற்றி.

ஆனால் உடலுக்கும் ஒரு கணக்கு உண்டு. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, வாரத்திற்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைக் காட்டிலும் பக்கவாத அபாயம் சுமார் 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் அபாயம் சுமார் 17 விழுக்காடும் கூடுதல் என்று கணக்கிட்டது. தாக்கல் நெருங்கும் வாரங்களில் எங்கள் தொழிலில் 55 மணி நேரம் என்பது சாதாரணம்.

2018இல் வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசமானது. வேறொரு எண்ணைக் கொடுத்தால், வழக்கமான வாட்ஸ்அப் இருக்கும் அதே கைப்பேசியிலேயே இயங்கும். அதில் அலுவலக நேரத்தைக் குறித்துவைத்து, அந்த நேரத்துக்கு வெளியே வரும் செய்திகளுக்குத் தானாக மறுமொழி செல்லும்படி செய்யலாம். நீண்ட நாள் பயன்பாட்டில் நான் கண்ட முக்கியமான செய்தி, அந்த மறுமொழியில் என்ன எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது என்பதுதான். “அலுவலகம் மூடியிருக்கிறது” என்று மட்டும் எழுதினால், கேட்டவருடைய கவலை அப்படியே இருக்கும்; அவர் அடுத்து அழைக்கத்தான் செய்வார். “பில்லை இப்போதே அனுப்பி வையுங்கள், அடுத்த வேலைநாள் முற்பகலில் பதிவாகிவிடும், 3பி கடைசி நாள் 20” என்று எழுதிய பிறகு இரவு அழைப்புகள் வெகுவாகக் குறைந்தன. மக்கள் வேண்டுவது உடனடிப் பதிலை அல்ல, வேலை எப்போது முடியும் என்ற உறுதியை. அந்த உறுதியைக் காப்பாற்றினால் அவர்களும் நிம்மதியாக உறங்குகிறார்கள்.

கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கைப்பேசி இணையத்தோடு இணைந்திருந்தால்தான் இந்தத் தானியங்கி மறுமொழி செல்லும். இரவில் டேட்டாவை அணைத்து வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு; அவ்வாறு அணைத்தால் மறுமொழியும் நின்றுவிடும். இணையத்தை விட்டுவைத்து, ஓசையை மட்டும் தொந்தரவு தவிர்க்கும் அமைப்பால் அடக்குவதே சரியான வழி. அந்த அமைப்பில், பதினைந்து நிமிடத்துக்குள் இரண்டாவது முறை அழைப்பவரை அனுமதிக்கும் வசதி ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளர்கள் இதை விரைவில் கண்டுகொண்டு இரண்டு முறை அழைக்கத் தொடங்குவதால், அதை நீக்கிவிட்டு, பெற்றோரையும் நெருங்கிய உறவினரையும் மட்டும் விருப்பத் தொடர்புகளாகக் குறித்து அனுமதிப்பது நல்லது. உறங்கும் நேரத்தில் திரையைக் கறுப்பு வெள்ளையாக்கும் வசதியும் எனக்குப் பயன்பட்டது. செயலிக்குத் தினசரி நேர வரம்பு வைக்கும் வசதியை நான் பரிந்துரைக்க மாட்டேன். வைத்தவரே நொடியில் மாற்றிவிடலாம் என்பதால் அது வேலைக்கு வேலி ஆகாது.

தனி சிம்மிற்கு மாதச் செலவு கூடும். இருந்தாலும் மூன்றில் மிகுந்த மதிப்புடையது அதுவே. மாலையில் அந்த சிம்மை மட்டும் அணைத்துவைத்தால் அலுவல் அழைப்புகள் நின்றுவிடும். வாட்ஸ்அப்போ இணையத்தில் தொடர்ந்து இயங்கி மறுமொழி அனுப்பிக்கொண்டிருக்கும். வ.உ.சி. மைதானத்தில் மாலை நடை செல்வதும், இரவு உணவைக் குழந்தைகளோடு பேசிக்கொண்டே உண்பதும் இதனால்தான் வாய்த்தன. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டமும் குற்றாலச் சாரலும், சம்பளக்காரர்களின் வருமான வரித் தாக்கல் முடியும் ஜூலை 31க்கு முந்தைய வாரங்களிலேயே வருகின்றன. ஊரே மகிழ்ந்திருக்கும் அந்த வாரங்களை ஆண்டுதோறும் கணினி முன்னேயே கழித்தவன், இப்போது ஒரு ஞாயிறையாவது அருவிக்கென்று ஒதுக்க முடிகிறது.

கைப்பேசி அமைப்புகள் எல்லாவற்றையும்விட வேலையின் அளவைக் குறைத்தது வேறொன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ளவர்கள் காலாண்டுத் தாக்கலைத் தேர்ந்தெடுக்கலாம். அவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13ஆம் தேதிக்குள், 3பி தமிழ்நாட்டில் 22ஆம் தேதிக்குள். இடைப்பட்ட இரு மாதங்களுக்கு வரியை மட்டும் 25ஆம் தேதிக்குள் செலுத்தினால் போதும். பொதுமக்களுக்கு நேரடியாக விற்கும் சிறு கடைக்காரர்களுக்கு இதை எடுத்துச் சொல்லி மாற்றினேன். மற்ற வணிகர்களுக்கு மாதந்தோறும் பில் போட்டு விற்கும் விசைத்தறிக்காரர்களில் பலர், வாங்குபவரின் வரி வரவு தடைபடக்கூடாது என்பதற்காக மாதத் தாக்கலிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்துவது நியாயமாகாது.

செய்தி படிக்கும் பழக்கமில்லாத மூத்த கடைக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு பொருந்தவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் அவர்களை நானே அழைத்து, பில்களை எந்தத் தேதிக்குள் கொடுத்தனுப்ப வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். கடைசி நாளன்று தவணை நீட்டிப்பு அறிவிப்பு வரும் சந்தர்ப்பங்களுக்கும் இந்தச் செயலி தீர்வாகாது. அன்று மட்டும் அலுவல் சிம்மை அணைப்பதில்லை என்றும், அதற்கு ஈடாக மறுநாள் பிற்பகலில்தான் அலுவலகம் திறக்கும் என்றும் வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்து வைத்திருக்கிறேன்.