டிபி-லிங்க் இஆர்605, மைக்ரோடிக் ஹெக்ஸ்: இரண்டு நெட் லைன் போட்ட அலுவலகத்துக்கு எந்த ரவுட்டர்?

லாரி வாசலில் நிற்கும்போது ஈ-வே பில் போட நெட் வேண்டும். கிருஷ்ணகிரி கிரானைட் அலுவலகமானாலும், 20-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி போடும் தருமபுரி ஆடிட்டர் அலுவலகமானாலும் இரண்டு லைன் வாங்கி வைப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் இரண்டு ஃபைபரும் ஒரே கம்பத்தில் தொங்கினால், ரோடு வேலைக்கு வந்த ஜேசிபி இரண்டையும் ஒரே இழுப்பில் அறுத்துவிடும். ரவுட்டர் வாங்கும் முன் வெளியே போய் வயர்கள் எந்தப் பக்கமிருந்து வருகின்றன என்று பாருங்கள். ஒரே வழியாக வந்தால் ஒன்றை நிறுத்திவிட்டு 4ஜி அல்லது 5ஜி லைன் எடுங்கள். சிம் போடும் பெட்டியில், ரவுட்டருக்குக் கேபிள் இழுக்க லேன் போர்ட் இருந்தால் போதும்.

இஆர்605, ஹெக்ஸ் ஆர்பி750ஜிஆர்3 இரண்டிலும் ஐந்து ஜிகாபிட் போர்ட் உண்டு, வைஃபை கிடையாது. பழைய வைஃபை பெட்டியை ஆக்சஸ் பாயின்டாக (வைஃபை மட்டும் தரும் பெட்டியாக) மாற்றிக்கொள்ளலாம். விலை குறைவு என்று டிபி-லிங்கின் டிஎல்-ஆர்470டி+ ரவுட்டரை வாங்க வேண்டாம். அதன் போர்ட்கள் 100 எம்பிபிஎஸ்தான். 200 எம்பிபிஎஸ் பிளானுக்குக் காசு கட்டிவிட்டு 94-ல் நிற்பீர்கள்.

இந்தப் பெட்டிகளில் பார்க்க வேண்டியது வேகத்தை அல்ல, லைன் செத்துப்போனதை ரவுட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதை. ஃபைபர் அறுந்தால் மோடத்தில் எல்ஓஎஸ் (சிக்னல் இல்லை) விளக்கு சிவப்பாக எரியும். ஆனால் மோடத்திலிருந்து ரவுட்டருக்கு வரும் கேபிளில் உயிர் இருக்கும், ஐபி முகவரியும் அப்படியே இருக்கும். போர்ட் விளக்கை மட்டும் பார்க்கும் ரவுட்டர் லைன் நன்றாக இருப்பதாக நினைத்து, செத்த லைனிலேயே எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டிருக்கும்.

இஆர்605-ல் இதற்கு 'ஆன்லைன் டிடெக்‌ஷன்' இருக்கிறது. அதை 'மேனுவல்' ஆக்கி, ஒவ்வொரு வானுக்கும் (நெட் லைன் செருகும் போர்ட்) பிங் செய்ய, அதாவது பதில் வருகிறதா என்று கேட்டுப் பார்க்க, ஒரு வெளி ஐபி கொடுங்கள். 'ஆல்வேஸ் ஆன்லைன்' என்று விட்டால் பேக்கப் லைன் இருந்தும் பயனில்லை. பிறகு 'லிங்க் பேக்கப்'பில் ஃபைபரை முதன்மையாகவும் சிம் லைனை பேக்கப்பாகவும் வைத்து 'ஃபெயில்ஓவர்' தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டர் தெரிந்த எவரும் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். யுஎஸ்பி டாங்கிள் செருக வேண்டுமானால் அடியில் வி2 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வி1-ல் யுஎஸ்பி இல்லை.

ஹெக்ஸில் செய்ய முடியாதது குறைவு, அதைச் செய்யத் தெரிந்த ஆள் கிடைப்பதும் குறைவு. இரண்டாவது லைனைச் செருகும் போர்ட்டை முதலில் பிரிட்ஜிலிருந்து (அலுவலகப் பக்கப் போர்ட்களின் கூட்டு) எடுத்து 'வான்' பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்க்க மறந்தால் ரூட் (போகும் வழி) மாறும், நேட் (உள் ஐபியை வெளி ஐபியாக மாற்றுவது) நடக்காது, ஒரு பக்கமும் திறக்காது. லைனைச் சோதிக்கும் 'செக்-கேட்வே' 10 விநாடிக்கு ஒருமுறை பிங் செய்து, இரண்டு முறை பதில் இல்லையென்றால் லைனை மாற்றும். ஆனால் அது பக்கத்திலிருக்கும் மோடத்தையே பிங் செய்துகொண்டிருந்தால் ஃபைபர் அறுந்தது தெரியாது. ஆகவே ஒரு வெளி ஐபியை முதல் லைனோடு கட்டிவைத்து, அதன் வழியாக ரிகர்சிவ் ரூட் (அந்த ஐபி பதில் சொல்லும்வரை மட்டும் அந்த லைனில் போகும் வழி) போடுவார்கள். வம்பு இங்கேதான். பலரும் கூகுளின் 8.8.8.8-ஐக் கட்டிவிட்டு, கம்ப்யூட்டர்களுக்கும் அதையே டிஎன்எஸ்-ஆக (தளப் பெயரை ஐபியாக மாற்றித் தரும் சர்வர்) கொடுத்துவிடுகிறார்கள். முதல் லைன் போனதும் ரவுட்டர் சரியாக மாறிவிடும். ஆனால் 8.8.8.8-க்குப் போகும் எல்லாம் இன்னும் அறுந்த லைனுக்கே போகும். பெயர் எதுவும் ஐபியாக மாறாது, பார்ப்பவருக்கு நெட்டே இல்லை. சோதனைக்கு 8.8.4.4, டிஎன்எஸ்-க்கு 1.1.1.1 என்று பிரித்துவிட்டால் தீர்ந்தது.

அலுவலகத்துக்குள் நெட்வொர்க் ஆள் இல்லையென்றால் இஆர்605. மாதம் ஒருமுறை வந்துபோகும் ஆள் மைக்ரோடிக் தெரிந்தவராக இருந்தால் ஹெக்ஸ்.

இரண்டு லைனையும் சேர்த்து ஓட்டும் லோட் பேலன்சிங் வேண்டாம். 100-ம் 50-ம் சேர்ந்தாலும் ஒரு டவுன்லோடுக்கு 150 கிடைக்காது. நெட் பேங்கிங்கில் லாகின் ஒரு ஐபியிலும் பேமென்ட் வேறு ஐபியிலும் போனால் பாதியில் வெளியே தள்ளிவிடும். இஆர்605-ல் ஒரே வேலையை ஒரே லைனில் வைக்கப் பார்க்கும் 'அப்ளிகேஷன் ஆப்டிமைஸ்டு ரவுட்டிங்' ஓரளவுதான் காப்பாற்றும். சேர்த்தே ஓட்ட வேண்டுமென்றால் வங்கி வேலை பார்க்கும் கம்ப்யூட்டரை மட்டும் பாலிசி ரவுட்டிங்கில் (எந்தக் கம்ப்யூட்டர் எந்த லைனில் என்று விதிப்பது) ஒரே லைனுக்கு மாற்றுங்கள்.

இரண்டு மோடமும் 192.168.1.1 என்றிருந்தால் ரவுட்டர் குழம்பும். ஒன்றை 192.168.2.1 ஆக்கி, அலுவலகத்துக்கு 192.168.10.1 வையுங்கள். சிம் லைனில் பொதுவாகத் தனி பப்ளிக் ஐபி (வெளியிலிருந்து நேராக எட்டும் முகவரி) வராது. அதனால் லைன் மாறியிருக்கும் நேரத்தில், போர்ட் ஃபார்வர்ட் செய்து வெளியிலிருந்து பார்க்கும் சிசிடிவி திறக்காது.

கரண்ட் போனால் ரவுட்டரோடு இரண்டு மோடமும் ஓட வேண்டும். ஹெக்ஸ் 8 முதல் 30 வோல்ட் வரை ஏற்கும், 12 வோல்ட் மினி யுபிஎஸ்ஸிலேயே ஓடும். இஆர்605-க்கு அடாப்டரில் உள்ள வோல்ட்டைப் பார்த்து அதே அளவில் வாங்குங்கள்.

மாட்டிக்கொடுக்கும் ஆள் வான் கேபிளைப் பிடுங்கி "பாருங்க சார், மாறிடுச்சு" என்று காட்டுவார். அதை ஏற்காதீர்கள், எந்த ரவுட்டரும் அதில் தேறிவிடும். கம்ப்யூட்டரில் 'பிங் -டி 9.9.9.9' ஓடவிட்டு, மோடத்தின் பின்னாலிருக்கும் பச்சை முனை ஃபைபரைக் கழற்றச் சொல்லுங்கள். அரை நிமிடத்துக்குள் பதில் திரும்ப வர வேண்டும். மறுபடி செருகியதும் பழைய லைனுக்குத் தானாகத் திரும்புகிறதா என்பதையும் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.