“மரம்னா அப்படித்தான் இருக்கும்” என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்

பொங்கல் முடிந்த கையோடு, மதுரையில் ஒரு கடையில் ஆறு பேர் உட்காரும் டைனிங் டேபிள் வாங்கினோம். 62,000 ரூபாய். “நல்லா சீசனிங் பண்ண நாட்டுத் தேக்குக்கா, பேரன் பேத்தி காலம் வரைக்கும் வரும்” என்றார் கடைக்காரர். சீசனிங் என்றால் ஈரம் போக மரத்தைக் காயவைப்பது. சித்திரை வெயிலில் மேல்பலகைகள் விலகின. ஒரு ரூபாய் நாணயம் அந்த இடுக்கில் செங்குத்தாக நிற்கும். வைகாசியில் ஒரு காலுக்கடியில் கடலைமாவு போல மாவு. பெருக்கித் தள்ளினாலும் மறுநாள் காலையில் அதே இடத்தில் கொட்டிக் கிடக்கும்.

போன் செய்தால், “மரம்னா அப்படித்தான்க்கா இருக்கும். வெயிலுக்குச் சுருங்கும், மழைக்கு உப்பும். இயற்கை” என்றார்.

அதில் பாதி உண்மை. அதனால்தான் ஏமாந்தோம். அம்மாவுக்குச் சீராக வந்த தேக்கு பீரோ இன்னும் வீட்டில் இருக்கிறது. ஐப்பசி மழையில் அதன் இழுப்பறை இறுகிக்கொள்ளும். பங்குனியில் ஒரு விரலால் இழுத்தாலே வரும். கதவில் வருஷக்கணக்காகக் காலண்டர் தொங்கிய இடம் வெளிறியிருக்க, சுற்றிலும் தேன் நிறம் ஏறியிருக்கிறது. வெளிச்சம் பட்டால் தேக்கு அப்படித்தான் மாறும். இவையெல்லாம் இயற்கை. மாவு கொட்டுவது அப்படியல்ல.

பழக்கமான ஆசாரியை வரவழைத்தேன். டேபிளைக் கவிழ்த்து, காலின் உட்பக்கம் பாலிஷை உளியால் சுரண்டினார். “இங்க பாருங்கம்மா, வைரமே இல்ல. முழுக்க வெள்ளை.” வைரம் என்பது மரத்தின் கெட்டியான உள்பகுதி. வெளிப்பகுதியான அந்த வெள்ளையில்தான் மாவுச்சத்து இருக்கும்; வண்டுப் புழுவுக்கு அதுதான் தீனி. அது துளைத்துத் தள்ளும் மரத்தூள்தான் தரையில் கொட்டிய மாவு. மேலே சாயம் ஏற்றித் தேக்கு நிறத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். மேல்பலகைகளைச் சட்டத்தோடு ஒட்டி, அசையவிடாமல் ஸ்குரூவும் முடுக்கியிருக்கிறார்கள். பலகை நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்காது, அகலவாக்கில்தான் சுருங்கும். அதற்கு இடம் விட்டு ஸ்குரூ துளையை நீட்டமாகப் போட வேண்டுமாம். நன்றாகக் காயாத மரத்தை இப்படி இறுக்கினால் விலகாமல் என்ன செய்யும்? ஒரு அங்குலப் பலகை நிழலில் காயவே பல மாதம் ஆகும். நம் ஊருக்கு மரத்தில் ஈரம் 10 முதல் 12 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. அதை அளக்கக் கையடக்க மீட்டர் இருக்கிறது. வாங்கும் முன் கடைக்காரரை அதை உங்கள் கண்முன்னே மரத்தில் குத்திக் காட்டச் சொல்லுங்கள். டேபிளைக் கவிழ்த்து, பாலிஷ் படாத அடிப்பக்கத்தையும் பாருங்கள்.

என் வயிறு எரிவது பில்லை நினைத்துத்தான். ‘உட்டன் டேபிள் - 1’ என்று மட்டும் இருக்கிறது. தேக்கு என்ற சொல்லே இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஆனால் வாய்ப்பேச்சை எதை வைத்து நிரூபிப்பது? என்ன மரம், சீசனிங் செய்ததா, எத்தனை வருஷ உத்தரவாதம் என்று பில்லில் எழுதி வாங்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

நல்ல மரமே கிடைத்தாலும் ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் போட வேண்டாம். தரை துடைக்கும் தண்ணீரைக் கால்கள் உறிஞ்சும், ரப்பர் புஷ் மாட்டுங்கள். கோடையில் விலகும் இடுக்கில் லப்பம் அடைக்காதீர்கள். மழையில் பலகை உப்பும்போது அதைப் பிதுக்கித் தள்ளிவிடும்.

உளுத்த காலை மாற்றச் சொல்லிவிட்டேன். மேல்பலகையை இந்த ஐப்பசி முடியும்வரை தொடக்கூடாது, எவ்வளவு சேருகிறதென்று பார்த்துவிட்டுத்தான் கழற்றுவேன் என்கிறார் ஆசாரி.