கருவின் எதிர்காலமா, பெண்ணின் உடலா?

கருக்கலைப்பு சரியா தவறா என்று தடுமாறுகிறவர்கள் இந்த இரண்டு வாதங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் அமெரிக்கத் தத்துவ அறிஞர்களுடையவை. ஒன்று, கருக்கலைப்பு தவறு என்று டான் மார்க்விஸ் 1989-ல் வைத்தது, இன்னொன்று, பல சமயங்களில் அது தவறில்லை என்று ஜூடித் ஜார்விஸ் தாம்சன் 1971-ல் வைத்தது. இரண்டுக்குமே மதநம்பிக்கை தேவையில்லை.

அடிப்படை

மார்க்விஸ்: ஒருவரைக் கொல்வது தவறு, ஏனென்றால் அவருடைய எதிர்காலம் மொத்தமும் பறிபோகிறது, கருவுக்கும் அப்படியொரு எதிர்காலம் உண்டு.

தாம்சன்: கருவை முழு மனிதராகவே வைத்துக்கொள்வோம், சரி, அதற்காக இன்னொருவரின் உடலைப் பயன்படுத்தும் உரிமை தானாக வந்துவிடாது.

எங்கே இடறுகிறது

மார்க்விஸ்: மாதக்கணக்கில் சுமந்து, வலியோடு பெறுகிற பெண் இந்த வாதத்தில் கிட்டத்தட்ட காணாமலே போய்விடுகிறாள். என்னால் இதைச் சின்னக் குறையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

தாம்சன்: வல்லுறவால் வந்த கர்ப்பம் என்றால் வாதம் அசையாமல் நிற்கிறது. விரும்பிய உறவில் வந்தது என்றால் பொறுப்பு பற்றிய கேள்வி எழுகிறது, அங்கே அவர் பதில் எனக்கு அவ்வளவு திருப்தி தரவில்லை.

கருவின் உயிருக்கு என்ன மதிப்பு என்று யோசிக்கிறவர்களுக்கு மார்க்விஸ். ஒரு பெண்ணைச் சட்டம் கட்டாயப்படுத்தலாமா என்று கேட்பவர்களுக்குத் தாம்சன், நானும் அந்தப் பக்கம்தான்.