லாஸ் வேகாஸ்ல வாடகைக்கு எடுத்த 25 அடி ஆர்வி: வண்டிக்கு 4 ஸ்டார், கம்பெனிக்கு 2

ஆர்வி, அதாவது படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளயே இருக்கற வண்டி எடுத்தா ஓட்டல் செலவு மிச்சம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, ஒண்ணும் மிச்சம் ஆகாது. 2024 அக்டோபர்ல அமெரிக்காவுல யூட்டா மாநிலத்து நேஷனல் பார்க்ஸ் எல்லாம் சுத்தினோம், லேட்டா எழுதறேன், ஆர்வி எடுக்கலாமா, எப்படி இருக்கும்னு வாட்ஸப் குரூப்ல மறுபடி மறுபடி கேள்வி வர்றதால மொத்தமா இங்க போட்டுடறேன். ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருந்தாங்க, கூட ரெண்டு வாண்டுங்க. அம்மாவுக்கு முட்டி வலி, அப்பாவுக்கு சுகர். இந்தக் கூட்டத்துக்கு பாத்ரூமும் அடுப்பும் கூடவே வரணும், அதுக்குத்தான் ஆர்வி, வேற எந்த காரணத்துக்கும் இல்ல.

கம்பெனி பேர் போடல. வெப்சைட்ல ஒரு நாள் வாடகை பாத்தா பரவால்லையேனு தோணும். அப்புறம் மைலுக்கு இவ்ளோனு தனி, ஜெனரேட்டர் ஓடற மணிக்கு இவ்ளோனு தனி, பாத்திரம் கிட் தனி, பெட்ஷீட் தலையணை கிட் தனி. எல்லாம் சேந்து ஃபைனல் பில் வர்றப்போ அந்த முதல் ரேட் சும்மா ஆள் புடிக்க போட்டதுனு புரியும். பாத்திரம் கிட் எடுக்காதீங்க, ஸ்பூன் ஃபோர்க் மெல்லிசா ஒரு பேன், அதுல தோசை வார்த்தா பொண்டாட்டி உங்கள வார்த்துடுவா. வீட்டுக் கல்லு, குட்டி குக்கர், ரெண்டு கரண்டி எடுத்துட்டு போனாலே போதும். இன்சூரன்ஸ் விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், கிரெடிட் கார்டுல வர்ற ரென்டல் கவர் பெரும்பாலும் ஆர்விக்கு செல்லாது, நம்ம கார் பாலிசியும் கவர் பண்ணுதானு போன் போட்டு கேட்டுக்கோங்க. ஓட்டறதுக்கு சாதா லைசென்ஸ் போதும்.

வண்டி ஃபோர்டு ஈ-450ங்கற வேன் சேஸி மேல கட்டின கிளாஸ் சி, டிரைவர் தலைக்கு மேல ஒரு படுக்கை இருக்குமே அந்த டைப். பசங்க ஏறினது ஏறினதுதான், கீழ எறக்க லஞ்சம் குடுக்கணும். ஆனா கார் சீட் வேணும்னா புக் பண்றதுக்கு முன்னாடியே கேளுங்க, முன்பக்கம் பாத்த டைனிங் சீட்டுல பெல்ட் இருந்தா மட்டும்தான் கட்டலாம், பக்கவாட்டு சீட்டுல கட்டக் கூடாது. கேலனுக்கு எங்களுக்கு 8, 9 மைல்தான் குடுத்துச்சு. காத்து அடிச்சா வண்டி அப்படியே பக்கத்து லேனுக்கு நகரும், அதனால 60 மைல் வேகத்துக்கு மேல நான் போகவே இல்ல, பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சா அடிச்சுக்கட்டும்.

வண்டி குடுக்கறப்போ ஒரு வீடியோ போட்டு காட்டிட்டு ஒரு பையன் அஞ்சு நிமிஷம் சுத்திக் காட்டினான், அவ்ளோதான் டிரெயினிங். மேல் அலமாரி ஒண்ணுல லாட்ச் சரியா புடிக்கலனு அப்பவே காட்டினேன், எல்லா வண்டியும் அப்படித்தான் சார்ங்கற மாதிரி ஒரு சிரிப்பு. எஸ்கலான்டேக்கும் போல்டருக்கும் நடுவுல ஹைவே 12ல ஹாக்பேக்னு ஒரு இடம், ரெண்டு பக்கமும் பள்ளம், நடுவுல முதுகெலும்பு மாதிரி ரோடு, தடுப்பும் கிடையாது. கரெக்டா அங்க அந்த அலமாரி தொறந்து அம்மாவோட பருப்புப்பொடி பாட்டில் வந்து விழுந்துச்சு. மூடி போய் மொத்த வண்டியும் பொடி, அப்பா தும்மறாரு, நான் ஸ்டீயரிங்க புடிச்சுட்டு திரும்பிக்கூட பாக்க முடியல. கடைசியா திருப்பிக் குடுக்கறப்போ கிளீனிங் சார்ஜ்னு ஒரு லைன் பில்லுல இருந்துச்சு பாருங்க, அதுக்குத்தான் அந்த ரெண்டு ஸ்டார்.

இப்போ எல்லாரும் கேக்க கூச்சப்படற மேட்டர். டாய்லெட் தண்ணி போறது பிளாக் டேங்க், குளிக்கற தண்ணி பாத்திரம் கழுவற தண்ணி போறது கிரே டேங்க். இந்தக் கழிவ கொட்டறதுக்குனு இருக்கற டம்ப் ஸ்டேஷன்ல ஹோஸ மாட்டி முதல்ல பிளாக் வால்வ இழுக்கணும், அது முழுசா காலியானதும் கிரே, அப்பதான் சோப்புத்தண்ணி ஹோஸ கழுவிட்டு போகும். ஆர்டர் மாத்தினா ஹோஸ கழட்டறப்போ நீங்களே அனுபவிப்பீங்க. கையுறை கட்டாயம். உள்ள பேனல்ல இருக்கற பிளாக் டேங்க் லைட்ட நம்பாதீங்க, காலி பண்ணதுக்கப்புறமும் முக்கால்வாசினுதான் காட்டும், சென்சார்ல பேப்பர் ஒட்டிக்கிட்டா அப்படித்தான். அம்மா முதல் நாள் கிச்சன் பக்கத்துலயே கக்கூஸானு முகத்த சுளிச்சாங்க. நடு ராத்திரி பிரைஸ் கேன்யன் பார்க் குளிர்ல வெளிய போக வேண்டாம்னு தெரிஞ்சதும் கப்சிப்.

பிரைஸ் கேன்யன் விளிம்பு 8000 அடிக்கு மேல, அக்டோபர்ல ராத்திரி தண்ணி உறையற குளிரு. ஹீட்டர் ஓடறது என்னமோ புரோபேன் கேஸ்லதான், ஆனா சூட்ட தள்ளற ஃபேன் பேட்டரியில ஓடுது. நாங்க தங்கின அங்கத்த நார்த் கேம்ப்கிரவுண்ட்ல கரண்ட் கனெக்ஷன் கிடையாது, ராத்திரி ஜெனரேட்டர் போடவும் கூடாது. அதனால சாயங்காலமே அனுமதி நேரத்துல ஜெனரேட்டர் போட்டு பேட்டரிய ஏத்திக்கணும், லைட்ட எல்லாம் அணைச்சிடணும். இத அந்த அஞ்சு நிமிஷ டிரெயினிங்ல சொல்லியிருக்கலாம், பக்கத்து சைட்ல இருந்த ஒரு ரிட்டயர்ட் அமெரிக்கர்தான் சொல்லிக் குடுத்தாரு. ஃபிரிட்ஜும் அவர்தான் பாத்துட்டு சொன்னாரு, கேஸ்ல ஓடற ஃபிரிட்ஜ் வண்டி சமமா நின்னாத்தான் ஒழுங்கா வேலை செய்யும், சக்கரத்துக்கு கீழ கட்டை வைங்கனு. மாவு புளிச்சு பொங்கினதுக்கு காரணம் அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

சுடுதண்ணி டேங்க் 6 கேலன், அதாவது 23 லிட்டருக்கும் கம்மி. தலைக்கு ஊத்தறது எல்லாம் மறந்துடுங்க, நனைச்சு, மூடிட்டு சோப்பு போட்டு, மறுபடி தொறந்து அலசிட்டு வந்துடணும். ஒரு பக்கெட்டும் மக்கும் எடுத்துட்டு போனோம் பாருங்க, அதுல நம்மாளுங்க கில்லாடி, அப்பா அரை பக்கெட்ல குளிச்சு முடிச்சுட்டு இதென்ன பெரிய விஷயம்னாரு.

சயான் நேஷனல் பார்க்ல வாட்ச்மேன் கேம்ப்கிரவுண்ட், இதுல கரண்ட் இருக்கற சைட் கிடைக்கும், 6 மாசம் முன்னாடி ரெக்ரியேஷன் டாட் கவ் வெப்சைட்ல புக்கிங் தொறக்கும், அன்னிக்கு காலையில ரெடியா உக்காரணும். அங்க ஜெனரேட்டருக்கு தடை, அதனால நிம்மதியான தூக்கம். சீசன்ல பள்ளத்தாக்கு உள்ள போற ரோட்டுல நம்ம வண்டி எதுவும் போகக்கூடாது, ஷட்டில் பஸ்தான், ஃப்ரீ. கேம்ப்ல இருந்து ஸ்டாப்புக்கு நடந்தே போயிடலாம், பார்க்கிங்குக்கு அலையற கூட்டத்த பாத்துட்டே போனோம், அந்த ஒரு சந்தோஷம் இருக்கே. கரண்ட் இருக்குனு ஆட வேண்டாம், நம்ம வண்டி தாங்கறது 30 ஆம்ப்தான், ஏசியும் மைக்ரோவேவும் சேத்து போட்டா பிரேக்கர் விழுந்துடும்.

சயான்ல இருந்து பிரைஸுக்கு குறுக்குவழி 1930ல முடிச்ச ஒரு 1.1 மைல் டனல். வண்டி உயரம் 11 அடி 4 இன்ச் இல்லனா அகலம் 7 அடி 10 இன்ச் தாண்டினா பெரிய வண்டி கணக்கு, வாடகை ஆர்வி பெரும்பாலும் தாண்டிடும். நாங்க போனப்போ 15 டாலர் கட்டினா எதிர்ல வர்ற வண்டிய எல்லாம் நிறுத்திட்டு நம்மள ரோட்டு நடுவுலயே ஓட்டிட்டு போக விட்டாங்க. 2026 ஜூன்ல இருந்து பெரிய வண்டிக்கு அந்த வழியே கிடையாதுனு பார்க் அறிவிச்சிருக்காங்க, அதனால ஐ-15 பிடிச்சு மேல போய் ஹைவே 20 வழியா சுத்திப் போற மாதிரி பிளான் போடுங்க.

எனக்கு ரொம்ப புடிச்சது கேபிடல் ரீஃப் பார்க்தான், யாரும் பெருசா பேசறதில்ல. ஃப்ரூட்டானு ஒரு கேம்ப்கிரவுண்ட், சுத்தி மார்மன்ங்கற மதப்பிரிவு குடியேறிகள் வச்ச பழத்தோட்டம், இப்போ பார்க் சர்வீஸ் பாத்துக்கறாங்க. பறிக்கலாம்னு போர்டு இருக்கற தோட்டத்துல உள்ள நின்னு எவ்ளோ வேணா சாப்பிடலாம், எடுத்துட்டு போறதுக்கு மட்டும் எடை போட்டு காசு. அம்மா புடவை முந்தானையில ஆப்பிள் கட்டிட்டு வந்தாங்க. அங்க கரண்ட், தண்ணி கனெக்ஷன் எதுவும் இல்ல, சிவப்பு பாறைக்கு கீழ கதவத் தொறந்து வச்சு புரோபேன் அடுப்புல தோசையும், அந்தப் புளிப்பு ஆப்பிள்ல மாங்காய் மாதிரி ஒரு இன்ஸ்டன்ட் ஊறுகாயும். எந்த ஓட்டல் ரூம்ல இது நடக்கும் சொல்லுங்க?

மோவாப் ஊர்ல பிரைவேட் ஆர்வி பார்க்ல தங்கினோம், ஃபுல் ஹூக்கப், அதாவது கரண்ட், தண்ணி, கழிவுக் குழாய் மூணு கனெக்ஷனும் உண்டு, துணி துவைச்சோம், அவ்ளோதான். பக்கத்துல ஆர்ச்சஸ் நேஷனல் பார்க் உள்ள 25 அடி வண்டிக்கு பார்க்கிங் கிடைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆச்சு, விடிகாலையில போயிடுங்க. திரும்பி வர ஐ-70ல கிரீன் ரிவர்லயே டேங்க ஃபுல் பண்ணிடணும், அதுக்கப்புறம் சலினா வரைக்கும் 100 மைலுக்கு மேல பங்க் கிடையாது.

ஊர்ல இருந்து பெரியவங்கள கூட்டிட்டு போறவங்க இன்னொண்ணு கவனிங்க. எங்களுக்கு அப்போ நேஷனல் பார்க் எல்லாத்துக்கும் செல்ற 80 டாலர் வருஷ பாஸ் போதுமா இருந்துச்சு. 2026 ஜனவரியில இருந்து வெளிநாட்டு விசிட்டருக்கு வருஷ பாஸ் 250 டாலர், பாஸ் இல்லாட்டி சயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் உட்பட 11 பார்க்ல 16 வயசும் அதுக்கு மேலயும் இருக்கறவங்களுக்கு ஆளுக்கு 100 டாலர் எக்ஸ்ட்ரா. கேபிடல் ரீஃபும் ஆர்ச்சஸும் அந்த 11ல இல்ல. அப்பா அம்மா விசிட்டர் விசானா இத பட்ஜெட்ல சேத்துட்டு, யாரோட பாஸ்ல யார் உள்ள போகலாம்னு பார்க் வெப்சைட்ல பாத்துட்டு கிளம்புங்க.

மறுபடி எடுப்பியானு கேட்டா, பெரியவங்க கூட இருந்தா கண்டிப்பா, இதே சைஸ், வேற கம்பெனி. நானும் வைஃபும் பசங்களும் மட்டும்னா காரும் டென்ட்டும்தான்.