பச்சைக் கட்டம் போட்ட மேசைவிரிப்பு, பழைய லெகோ மோட்டார், போன ₹11,500

பச்சைக் கட்டம் போட்ட மேசைவிரிப்பு. அதன் மேல் ஒரு எக்ஸ்எல் மோட்டார், ஒரு ரீசார்ஜ் பேட்டரி பாக்ஸ், ஒரு ரிசீவர், ஒரு ரிமோட். இந்தப் படத்தை அனுப்பி, “லெகோ ஒரிஜினல், லேசா யூஸ் பண்ணது” என்று யாராவது சொன்னால் பணம் அனுப்பாதீர்கள். போன ஆடியில் எனக்கு வந்த அதே படம், இந்த வாரம் வேறு பெயரில், ஐந்நூறு ரூபாய் குறைத்து, ஈரோட்டு நண்பர் ஒருவருக்கு வந்திருக்கிறது. அவர் வாங்குவதற்கு முன்னால் என்னிடம் கேட்டார். நான் யாரிடமும் கேட்கவில்லை. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

லெகோ பொம்மைக் கட்டைகளில் நான் செய்துகொண்டிருந்தது ஊட்டி ரயில். நீலகிரி மலைப்பாதையில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பற்பட்டை இருக்கும், எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறும். 12 அடிக்கு 1 அடி ஏற்றம். அதே கணக்கில் 144 செ.மீ. பலகை ஒன்றை ஒரு முனையில் 12 செ.மீ. தூக்கி வைத்து, லெகோ தண்டவாளத்தின் நடுவில் பத்துப் பல் கொண்ட ரேக் (பற்பட்டை) துண்டுகளை வரிசையாக ஒட்டினேன். (நிஜப் பாதையில் இரண்டு வரிசை, பற்கள் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கும். நமக்கு ஒரு வரிசையே போதும் என்று விட்டுவிட்டேன்.) நீல நிறப் பெட்டிகள் இரண்டு, எஞ்சின் நிஜத்தில் போலவே பின்னால் நின்று தள்ளும். உள்ளே 8 பல் கியர் 24 பல் கியரைச் சுழற்றும், அதாவது மூன்றுக்கு ஒன்று.

இதற்கு எனக்கு எக்ஸ்எல் மோட்டார்தான் வேண்டும் என்று தோன்றிவிட்டது. அது லெகோவின் பவர் ஃபங்ஷன்ஸ் என்ற மோட்டார், பேட்டரி, ரிமோட் வரிசையில் பெரிய மோட்டார். அந்த வரிசை 2007-இல் வந்தது. பிறகு அதன் இடத்தை புளூடூத்தில் ஓடும் பவர்டு அப் பிடித்துக்கொண்டது, அதன் பிளக் வேறு. பழையதன் பிளக்கை ஒன்றின் மேல் ஒன்றாகக் குத்திக்கொண்டே போகலாம், ஓட்டுவதற்குக் கைப்பேசி தேவையில்லை, அதனால்தான் என் மாதிரி ஆட்கள் இன்னும் அதை விடுவதில்லை. ஆனால் கடையில் புதிதாகக் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்றால் பொம்மைக்கான சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-இல் 70 ஆகிவிட்டது. இந்த இடுக்கில்தான் இந்த மாதிரி ஆட்கள் புகுந்துகொள்கிறார்கள்.

விற்றவர் நன்றாகப் பேசினார். பேச்சைப் பார்த்தால் நம் ஆள்தான். கிளட்ச் கியர் பற்றியெல்லாம் சொன்னார். “அண்ணா, வேலை மாறிப் போறேன், எல்லாத்தையும் கொடுத்துட்டுப் போகணும்” என்றார். எட்டு வினாடி வீடியோ ஒன்று வந்தது. மோட்டார் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. பொருள் வந்த பிறகு பணம் தருகிறேன் என்றதற்கு, “கூரியர்ல அது சரிப்படாதுண்ணா” என்றார். யுபிஐயில் ₹11,500 அனுப்பினேன்.

பெட்டி வந்தது. ரிமோட்டும் ரிசீவரும் அசல் லெகோ. முதலில் அவற்றைத்தான் கையில் எடுத்தேன், அதோடு சந்தேகம் போய்விட்டது. மோட்டாரையும் பேட்டரியையும் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் நேராக எஞ்சினுக்குள் வைத்து மூடினேன். என் தவறு அங்கேதான்.

சமதளத்தில் ஓடியது. பலகையில் ஏற்றியதும் இருபது செ.மீ. போய் “கட்... கட்... கட்” என்று சத்தம். நின்று, பெட்டிகளோடு பின்னால் வழுக்கி வந்தது. ரேக்கில் பற்சக்கரம் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும்: பற்சக்கரம் பட்டையில் சரியாகக் கவ்வாமல் தாவும் சத்தம். எனக்கும் அப்படித்தான் கேட்டது. ரேக் துண்டுகளைப் பிரித்து மறுபடி ஒட்டினேன். அச்சு வளைகிறதோ என்று இரண்டு பக்கமும் பீம் (ஓட்டைகள் உள்ள நீளத் துண்டு) கொடுத்து இறுக்கினேன். இறுக்கியதில் உராய்வு கூடிவிட்டதோ என்று தளர்த்தினேன். ஒரு பெட்டியைக் கழற்றினேன். மூன்று வாரம் போனது. மகள் வந்து, “ஊட்டி ரயில் இன்னும் கல்லாறைத் தாண்டலையாப்பா?” என்று கேட்டுவிட்டுப் போவாள்.

விற்றவரிடமே யோசனை கேட்டேன் என்பதை நினைத்தால்தான் இப்போது சிரிப்பு வருகிறது. “லோடு அதிகம்ணா, உங்க கியர் செட்டிங் தப்பு” என்றார். நானும் நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டு நண்பர் தன்னுடைய மோட்டாரோடு வந்தார். அவருடையது எக்ஸ்எல் கூட இல்லை, எம் மோட்டார், எல்லாவற்றிலும் சின்னது. ஆறு டபுள்-ஏ செல் போடும் சாதாரண பேட்டரி பாக்ஸ். என் எஞ்சினில் மாட்டினோம். இரண்டு பெட்டியோடு மேலே போய் நின்றது. நான் ஒன்றும் பேசவில்லை. அவர்தான் என் மோட்டாரைக் கழற்றி, ஒரு அச்சைச் செருகி, விரலால் பிடித்தார். வெளியே அச்சு நின்றுவிட்டது, உள்ளே “கட்... கட்... கட்”. பட்டையில் வந்ததாக நான் நினைத்த அதே சத்தம்!

கூட்டைத் திறந்தோம். உள்ளே சின்னப் பற்சக்கரம் ஒன்றில் மூன்று பல் வழித்துப் போயிருந்தது. வெளியே, உள்ளே, எங்கேயும் லெகோ என்று ஒரு எழுத்து இல்லை. படத்தில் இருந்தது வேறு மோட்டார். பெரிதாக்கிப் பார்த்தபோது அதன் கூட்டில் இருந்த கீறல் என்னிடம் வந்ததில் இல்லை.

பேட்டரி பாக்ஸ் அதைவிட மோசம். அசல் ரீசார்ஜ் பாக்ஸை உருண்டை முனை கொண்ட 10 வோல்ட் அடாப்டரில்தான் சார்ஜ் செய்ய முடியும். என்னிடம் வந்ததில் யுஎஸ்பி ஓட்டை. படத்தில் அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. மூன்று வாரமாக அதை இரவில் கட்டில் பக்கத்தில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறேன். ஒரு பக்கம் லேசாக உப்பியிருந்ததை நண்பர்தான் காட்டினார். லித்தியம் செல் உப்பினால் அதை மறுபடி சார்ஜில் போடக் கூடாது, குத்தக் கூடாது, குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது. மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்தேன். பணம் போனதைவிட எனக்கு இதில்தான் கோபம். குழந்தை இருக்கிற வீடு.

போலி என்பதற்காக நான் சண்டைக்கு நிற்கவில்லை. லெகோ கட்டையின் காப்புரிமை 1958-இல் விண்ணப்பித்தது, அது முடிந்து எவ்வளவோ காலம் ஆகிறது. பொருந்துகிற மாதிரி மோட்டாரை வேறு பெயரில் செய்து விற்பதில் தவறில்லை. சில நன்றாகவே ஓடுகின்றன. ஆயிரம் ரூபாய்க்கு அப்படிச் சொல்லி விற்றிருந்தால் வாங்கியிருப்பேன்.

புகார் சொன்னதும், “நான் அனுப்பினது ஒரிஜினல்தான், நீங்க மாத்திட்டுச் சொல்றீங்க” என்று ஒரே வரி. அப்புறம் பிளாக். பெட்டியைப் பிரிக்கும்போது நான் வீடியோ எடுக்கவில்லை, காட்ட ஒன்றும் இல்லை. இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைத்தேன், புகார் பதிவானது. பணம் போன உடனே அழைத்தால் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. மூன்று வாரம் கழித்து அழைத்தால் என்ன மிஞ்சியிருக்கும்?

வாங்கியே தீருவேன் என்பவர்கள், பொருள் வந்த அன்றைக்கே மோட்டாரைத் தனியாகச் சோதியுங்கள். மாடலுக்குள் வைத்த பிறகு எந்தப் பழுதும் உங்கள் கியர் மேல்தான் விழும். நல்ல எக்ஸ்எல் மோட்டார் புது ஆல்கலைன் செல்லில், பாரம் இல்லாமல், நிமிடத்துக்குச் சுமார் 220 சுற்று சுற்றும். அச்சில் ஒரு பீமை மாட்டி, ஒரு முனையில் டேப் ஒட்டி, கைப்பேசியில் ஸ்லோ மோஷன் எடுத்து எண்ணுங்கள்: பத்து வினாடிக்கு 36, 37 வரும். ரீசார்ஜ் செல் ஆறு போட்டால் 7.2 வோல்ட்தான், எண்ணிக்கை குறையும், அது மோசடி இல்லை. பிறகு வெறும் அச்சை விரலால் பிடித்துப் பாருங்கள். சுலபமாக நின்றால், உள்ளே ஏதாவது தாவினால், அன்றைக்கே சண்டையைத் தொடங்குங்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே, பேட்டரி பாக்ஸின் ஆறு பக்கத்தையும், உங்கள் பெயர் எழுதிய காகிதம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படம் கேளுங்கள்.

வெயிலில் ரிமோட் சரியாக வேலை செய்யாவிட்டால் மட்டும் விற்றவரைத் திட்டாதீர்கள். அகச்சிவப்பு ரிமோட், வெயில் பட்டால் அப்படித்தான். என் வராந்தாவில் காலை பத்து மணிக்கு மேல் ரயில் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

நண்பர் தன் எம் மோட்டாரைத் திருப்பி எடுத்துப் போகவில்லை. “குன்னூர் வரைக்கும் போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். இப்போது ஊட்டி வரைக்கும் பலகை போட்டிருக்கிறேன்.