பேராதனைக்குப் பிள்ளையை விடப் போகிறீர்களா? றூம் புரோக்கரிடம் கவனம்

எங்கள் ஒழுங்கையிலேயே இம்முறை சில பிள்ளைகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது. சந்தோசம். ஆனால் அந்த வீட்டுக்காரர் என்னைக் கண்டவுடன் கேட்பது ஒரே கேள்விதான்: "தங்கச்சியை விடப் போகேக்க எங்கை தங்கினீங்கள், எங்கை சாப்பிட்டீங்கள்?" நாங்கள் தங்கிய இடத்துக்கு எதிரியைக்கூட அனுப்ப மாட்டேன். எங்களை அங்கே அனுப்பிய றூம் புரோக்கர் தேடிப் பிடிப்பது பெரும்பாலும் எங்கள் பக்கத்து ஆட்களை. அதனால்தான் ஒவ்வொரு வீட்டிலும் வாயால் சொல்லிக்கொண்டிராமல் எழுதிப் போடுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர்களுக்கு ஒரு பிரச்சினை உண்டு. ஏ9 வீதியின் ஒரு நுனி நாங்கள், மறு நுனி கண்டி. 320 கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ் எடுத்தால் விடியப்புறம் கண்டியில் இறக்கிவிடுவான். பேராதனை அங்கிருந்து கொழும்புப் பக்கமாக இன்னும் 6 கிலோமீற்றர். பெட்டி, வாளி, தலையணை எல்லாம் கட்டிக்கொண்டு, நித்திரையும் இல்லாமல், அலுவலகம் திறக்கும்வரை எங்கே இருப்பது? அம்மாவுக்கு வேறு முழங்கால் நோ. முகம் கழுவி உடுப்பு மாற்றவாவது ஒரு றூம் வேண்டும். அந்த அந்தரத்தை வைத்துத்தான் அந்த ஆள் பிழைக்கிறார்.

முகநூலில் வந்த விளம்பரம். படத்தில் வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில், சன்னலுக்கு வெளியே புகாருக்குள் மலை. கம்பஸுக்கு ஐந்து நிமிட நடை, சுடுதண்ணி, காலைச் சாப்பாடு உட்பட என்று தமிழில் எழுதியிருந்தது. எடுத்துக் கதைத்தால் நல்ல யாழ்ப்பாணத் தமிழ். "அண்ணை, நானும் வடமராட்சிதான். தங்கச்சி எந்தப் பள்ளிக்கூடம்? ஆ, எங்கட மச்சாளும் அங்கைதான் படிச்சவ. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ." இரண்டு றூமுக்கும் சேர்த்து 32,000 ரூபா பேச்சு. பாதி அட்வான்ஸ். அடுத்த நாளே மறுபடி எடுத்தார்: வேறு ஒரு குடும்பம் கேட்கிறார்களாம், முழுக் காசையும் போட்டால் நல்லதாம். நான் பாதியோடு நின்றேன். கணக்கு அவருடைய பெயரில் இல்லை, ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. "அக்கான்ரை கணக்கு" என்றார்.

கண்டியில் இறங்கினோம். இருட்டு. அவருடைய போன் வேலை செய்யவில்லை. பஸ் நிலையத்து வாங்கில் அம்மாவை இருத்திவிட்டு நானும் சித்தப்பாவும் மாறி மாறி அடித்தோம். வெளிச்சம் வந்த பிறகுதான் எடுத்தார். அந்த வீட்டில் தண்ணீர் மோட்டர் பழுதாம். அதே முதலாளிக்கு இதைவிட வடிவான வேறு வீடு இருக்கிறதாம், அதே காசுக்குத் தருகிறாராம், ஓட்டோ அனுப்புகிறாராம்.

சித்தப்பா பேராதனையில் படித்தவர், அருணாசலம் விடுதியில் இருந்தவர். பஸ்ஸில் வரும்போது தங்கச்சிக்கு முதல் துணைவேந்தர் ஜெனிங்ஸின் கதை, 1952இல் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து மகாவலிக் கரைக்கு வந்த கதை எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவர். ஓட்டோ ஆஸ்பத்திரிப் பக்கத்தால் திரும்பி ஏறத் தொடங்கியதுமே அவருக்கு விளங்கிவிட்டது. "உது கம்பஸ் பாதை இல்லையடா தம்பி. உவன் ஹந்தானைக்கெல்லோ ஏத்துறான்."

அதேதான். ஹந்தானை மலை கம்பஸுக்குப் பின்னால் நிற்பது உண்மை. அண்ணாந்து பார்த்தால் கிட்டத்தான் தெரியும். ஆனால் கண்டிப் பக்கத்தால் மலையில் ஏறி ஒரு வீட்டில் இருந்தால், கம்பஸுக்குப் போக மறுபடி கண்டிக்கு இறங்கி, கொழும்பு வீதியால் பேராதனைக்குப் போய், கலகா வீதிக்குள் திரும்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஓட்டோ. அந்த ஓட்டோக்காரரும் அவருடைய ஆள். மீற்றர் இல்லை. செயலியில் வேறு ஓட்டோ கூப்பிட்டால், அந்த மேட்டுக்கு ஒருவரும் வரவில்லை.

ஓட்டோ நின்ற இடத்திலிருந்து வீட்டுக்குப் படிகள். மழை பெய்து பாசி பிடித்த படிகள். அம்மா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறினா. புல்லுக்குள்ளால் வந்த தங்கச்சியின் காலில் அட்டை. (அட்டை ஏறினால் பிடுங்காதீர்கள், கொஞ்சம் உப்புப் போட்டால் விழும். அது மலையின் இயல்பு, அதற்கு ஒருவரையும் குறை சொல்ல மாட்டேன்.)

றூமைப் பற்றிச் சொல்கிறேன். சுவரில் பூஞ்சணம், அதை மறைக்க ஒரு கலண்டர், அதுவும் போன வருடத்தது. தலையணை உறையில் யாரோ ஒருவரின் எண்ணெய்த் தலை பதிந்த வட்டம். குளியலறையில் ஹீட்டர் இருந்தது. அதன் சுவிச்சுக்கு மேல் கறுப்பு ரேப் ஒட்டி, ரேப்புக்கு மேல் வெள்ளைப் பேனையால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். சுடுதண்ணி எங்கே என்று கேட்டோம். கீழே குசினியில் வைத்து வாளியில் தருவார்களாம். கண்டி ஒன்றும் நுவரெலியா இல்லை, கடல் மட்டத்திலிருந்து 500 மீற்றர் அளவில்தான் இருக்கிறது, மத்தியானத்தில் வியர்க்கக்கூடச் செய்யும். ஆனால் விடியக் காலமை அந்தத் தண்ணீரைத் தலையில் ஊற்றிப் பார்த்தால் தெரியும். எங்கள் ஊர்க் கிணற்றில் விடிய அள்ளும் தண்ணீர் வெதுவெதுப்பாய் இருக்கும். அதில் குளித்து வளர்ந்த உடம்பு எங்களுடையது.

வேறு இடம் பார்ப்போமென்றால், மிச்ச 16,000 ரூபாவையும் கொடுத்த பிறகுதான் திறப்பு. கொடுக்காமல் போனால் அட்வான்ஸ் போய்விடும். கம்பஸில் அன்றைக்கே வரிசையில் நிற்க வேண்டும். யாரும் அந்த இடத்தில் நின்று சண்டை பிடிக்க மாட்டார்கள் என்பது அந்த ஆளுக்கு நன்றாகத் தெரியும்.

போகும்போது பில் வந்தது. காபன் வைத்த கொப்பியிலிருந்து கிழித்த துண்டு. மேலே பெயர் இல்லை, முகவரி இல்லை. நேரத்தோடு வந்ததற்கு 4,000. சுடுதண்ணி வாளிக் கணக்கில் 1,200. துவாய் 800. காலைச் சாப்பாடு ஒரு றூமுக்குத்தான் இலவசமாம், மற்ற றூமுக்கு 3,600. சாப்பாடு என்றது ஆறின பாண், பருப்பு, சம்பல். இதெல்லாவற்றுக்கும் கீழே வற் வரி 18 சதவீதம் என்று 1,728 ரூபா. மொத்தம் 11,328. வற் 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம் என்பது சரி. ஆனால் வற் அறவிடப் பதிவு செய்திருக்க வேண்டும், பில்லில் அந்தப் பதிவு இலக்கம் இருக்க வேண்டும். இலக்கத்தைக் காட்டச் சொன்னேன். வேலைக்கு நின்ற பையன் எனக்குத் தெரியாது சேர் என்று ஒதுங்கிவிட்டான். போனில் நம்மட வடமராட்சித் தம்பி: "அண்ணை, உதை விடுங்கோ, வரியை மட்டும் வெட்டிப்போட்டு மிச்சத்தைக் குடுங்கோ." வரியென்றால் அவர் எப்படி வெட்டுவார்?

சாப்பாட்டுக் கதை தனி. அன்று வெள்ளிக்கிழமை, அம்மா சைவம். ஓட்டோக்காரர் தனக்குத் தெரிந்த நல்ல சைவக் கடை என்று ஒரு இடத்தில் இறக்கினார். மேசையில் விலைப்பட்டியல் இல்லை. எலவளு, எலவளு (மரக்கறி) என்று தலையாட்டிக்கொண்டு சோறும் கறிகளும் வைத்தார்கள். சம்பலில் அம்மாவின் விரலில் ஏதோ மரச்சிராய் போல நெருடியது. எடுத்துப் பார்த்தால் மாசிக் கருவாட்டுத் துண்டு. அம்மா சத்தம் போடவில்லை, கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிக் கை கழுவினா. மத்தியானம் முழுக்கப் பிளேன்ரீயோடு இருந்தா. அந்தத் தொடாத கோப்பைக்கும் முழுக் காசு, அதற்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம். நாங்கள்தான் எழும்பிப் போய்த் தண்ணீர் எடுத்துக் குடித்தோம். சேவை யார் யாருக்குச் செய்தது என்று சித்தப்பா கேட்டது அவர்களுக்கு விளங்கவில்லை. வெளியே வந்தபோது ஓட்டோக்காரர் குசினிப் பக்கத்தில் இலவசமாய்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சிங்களச் சமையலில் சம்பலுக்கும் பருப்புக்கும் மாசி போடுவது வழமை. அவர்களுக்கு அது மச்சக் கணக்கிலேயே வராது, உப்பு, மிளகாய் போல ஒரு சேர்மானம். அதனால் "சைவமா" என்று கேட்டுப் பிரயோசனம் இல்லை. "உம்பலகட தானவாத?" (மாசி போடுவீங்களா?) என்று கேளுங்கள். அப்போது உண்மையான பதில் வரும்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு விசயம் தெரிந்தது. விளம்பரத்தில் குறித்திருந்த இடத்தைத் தங்கச்சி கூட்டாளிகளோடு போய்ப் பார்த்தாள். அது மாணவர் போர்டிங். நாட்கணக்கில் யாருக்கும் றூம் கொடுப்பதே இல்லையாம். அந்த வீட்டுக்கார அம்மாவுக்கு இப்படி ஒரு ஆளையே தெரியாது. இதற்கு முதலும் பெட்டியோடு வந்து படலையைத் தட்டிய குடும்பங்கள் உண்டாம். ஆக, மோட்டர் பழுதும் இல்லை, முதலாளியும் இல்லை. அந்த ஆளுக்கு வீடே கிடையாது. காசை வாங்கிவிட்டு, அன்றைக்கு எந்த வீடு ஆளில்லாமல் கிடக்கிறதோ அங்கே ஏற்றிவிடுகிறார். முழுச் சுத்துமாத்து.

அந்தப் போர்டிங்கூட ஐந்து நிமிட நடையில் இல்லை. அது ஆற்றுக்கு அந்தப் பக்கம், பொறியியல் பீடத்துக் கரையில். தங்கச்சியின் கலைப்பீடம் கலகா வீதிப் பக்கம். வரைபடத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு தெரியும், நடுவில் மகாவலி ஓடுகிறது. நடந்து கடக்க அக்பர் பாலத்தைத் தேடிப் போக வேண்டும். எந்தப் பீடம் என்று தெரிந்துகொண்டு, றூம் எந்தக் கரையில் என்று கேட்காமல் யாரும் புக் பண்ண வேண்டாம்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்தேன். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். பில்லில் நிறுவனத்தின் பெயர் என்ன என்று கேட்டார்கள். அந்தத் துண்டில் ஏன் பெயர் போடவில்லை என்பது அப்போது விளங்கியது. இனி யாராவது மாட்டினால், காசு போட்ட வங்கிச் சீட்டு, விளம்பரத்தின் படம், குரல் பதிவு எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். நானும் போட்டிருக்கிறேன்.

சரி, எங்கேதான் தங்குவது? வீட்டில் யாராவது அரசாங்க உத்தியோகம், வங்கி உத்தியோகம் என்றால் அவர்களுடைய திணைக்களத்தின் அல்லது வங்கியின் சேர்க்கிட் பங்களா (உத்தியோகத்தர் தங்கும் விடுதி) கண்டிப் பக்கம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். நேரத்தோடு எழுதிப் போட வேண்டும். இல்லையென்றால் கண்டி நகரத்துக்குள்ளேயே, பஸ் பாதையில், படி ஏறாத ஒரு சாதாரண லொட்ஜ் போதும். கம்பளைப் பக்கம் போகிற பஸ் பேராதனையால்தான் போகும், கலகா பஸ் கம்பஸுக்கு நடுவாலேயே போகும். மலைக்காட்சிக்குக் காசு கொடுக்காதீர்கள், காட்சி கம்பஸுக்குள் சும்மா கிடக்கிறது. எசல பெரஹரா நடக்கும் ஆடி, ஆவணிப் பக்கம் என்றால் கண்டியில் றூம் விலையைக் கேட்கவே வேண்டாம், அப்போது கம்பளையிலோ பிலிமத்தலாவையிலோ பாருங்கள். காசு போட முதல் வீடியோ அழைப்பில் படலையிலிருந்து றூம் வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். நான் பிறகு வேறு பெயரில் அந்த ஆளிடமே கேட்டுப் பார்த்தேன், "சிக்னல் இல்லை அண்ணை" என்றார்.

சாப்பாட்டுக்கு, பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் ஹெல போஜுன் சாப்பாட்டுக்கடை இருக்கிறது. பெண்கள் கண்ணுக்கு முன்னால் சுடுகிறார்கள். குரக்கன் ரொட்டி, இலைக்கஞ்சி, வடை. விலை எழுதியிருக்கும், கொடுக்கிற காசுக்கு வயிறு நிறையும். தோசை இல்லாமல் இருக்க முடியாது என்கிறவர்களுக்குக் கண்டியில் டி. எஸ். சேனநாயக்க வீதிப் பக்கம் கடைகள் உண்டு. அப்புறம், கம்பஸுக்குள் மேட்டில் குறிஞ்சிக் குமரன் கோயில். அம்மாவின் முகம் அந்தப் பயணத்தில் தெளிந்தது அங்கேதான். கோயிலுக்கு வருகிற இந்து மாணவர் சங்கப் பிள்ளைகளிடம் கேட்டால் நம்பிக்கையான இடம் சொல்வார்கள். பகிடிவதைக்குப் பயந்து புதுப் பிள்ளைகள் சீனியர்மாரிடம் வாய் திறக்க மாட்டார்கள், பெற்றோர் நீங்கள் கேளுங்கள்.

இதன் சுருக்கத்தைச் சொந்தக்காரரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன். அது எப்படியோ கைமாறி அந்த ஆளிடம் போயிருக்கிறது. நேற்றுப் பின்னேரம் எடுத்தார். "அண்ணை, எங்கட ஆக்களுக்குள்ள என்ன இது? உதை வெளியில போடாதேங்கோ, பாதிக் காசைத் திருப்பித் தாறன்." முதலில் காசைப் போடும், பிறகு கதைப்போம் என்றேன். இதை எழுதி முடிக்கும்வரை ஒரு சதமும் வரவில்லை. வந்தால் அதையும் இதற்குக் கீழேயே எழுதுகிறேன்.