கொறங்காட்டில் ஒரு ராஜபாளையம், ஒரு கோம்பை: ஆறு வருடக் காவல் நாய் அனுபவம்

எங்கள் தோட்டம் காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் இருக்கிறது. மூன்றரை ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம், அதை ஒட்டி அரை ஏக்கர் கிணற்றுப் பாசனம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மேச்சேரிச் செம்மறி முப்பத்தைந்து உருப்படி, கொஞ்சம் நாட்டுக்கோழி, ஒரு எருமை. வீட்டுக்காரருக்கு ஈரோட்டில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். மற்ற நாளெல்லாம் நானும் அத்தையும் மகளும்தான்.

2019 ஆவணியில் ஒரு ராத்திரி தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள் இறங்கியது. விடிந்து பார்த்தபோது ஐந்து ஆடுகள் செத்துக் கிடந்தன. மூன்றுக்கு டாக்டர் வந்து தையல் போட்டார், அதில் ஒன்றுதான் பிழைத்தது. நாய்கள் எதையும் தின்னவில்லை. கழுத்தையும் பின்தொடையையும் கடித்துப் போட்டுவிட்டு அடுத்த ஆட்டுக்குப் போயிருந்தன. செத்ததில் ஒன்று நிறைசினை. காங்கயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு விவசாயிகள் மறியல் செய்த செய்தியைப் படிக்கும்போதெல்லாம் அந்த விடியற்காலைதான் எனக்கு நினைவு வரும்.

நாய் வளர்ப்பது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. எந்த நாய் என்பதில்தான் இரண்டு மாதம் ஓடியது. வீட்டுக்காரர் யூடியூபில் காக்கேசியன் ஷெப்பர்டு, கங்கால் என்று பெரிய பெரிய நாய்களைக் காட்டினார். ஓநாயை விரட்டும் நாய்கள், அறுபது கிலோவுக்கு மேல் போகும், பார்க்கவே கம்பீரம்தான். ஆனால் அவையெல்லாம் பனி பெய்யும் மலைக்காட்டு ரோமம் உடையவை. சித்திரையில் எங்கள் ஊரில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். அந்த நாயை மின்விசிறிக்குக் கீழேதான் வைத்திருக்க வேண்டும், அப்புறம் பட்டியை யார் காப்பது? நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு 23 வகை நாய்களுக்குத் தடை கேட்டு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியபோது இந்த இரண்டு பெயரும் அதில் இருந்தன. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது என்பது வேறு விஷயம். எனக்கு அன்றும் இன்றும் வெயில்தான் காரணம்.

நம் பக்கத்து நாய்களில் உயரமானது ராஜபாளையம். தோள் உயரம் 65 முதல் 75 செண்டிமீட்டர் வரும். ஒட்டின குட்டை ரோமம், வெயில் தாங்கும். அதற்கு இருக்கும் பெயரே அதை வாங்கப் போகிறவர்களுக்கு ஆபத்து. 2005இல் அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது, அதில் ஒன்று ராஜபாளையம். அவ்வளவு பெயர் இருப்பதால் வெள்ளையாகப் பிறந்த குட்டியை எல்லாம் அந்தப் பேரில் விற்கிறார்கள். நாங்கள் முதலில் முன்பணம் கொடுத்தது அப்படி ஒரு ஆளிடம்தான். தாய் நாயைக் காட்டுங்கள் என்றதும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். இரண்டாயிரம் ரூபாய் போனது.

அதன் பிறகு ராஜபாளையத்துக்கே நேரில் போய், தாயையும் தகப்பனையும் பார்த்து, இரண்டு மாதக் கடுவனை ஒன்பதாயிரத்துக்கு வாங்கினோம். பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, தங்க நிறக் கண். மகள் ராசா என்று பேர் வைத்தாள். முழு வெள்ளை நாய்களுக்குப் பிறவியிலேயே காது கேளாமல் போகும் வாய்ப்பு உண்டு. இரண்டு காதும் கேட்காத குட்டி மற்ற குட்டிகளைப் பார்த்து ஓடி வந்து நம்மை ஏமாற்றிவிடும். அதனால் குட்டியைத் தனியே பிரித்து, அதன் முதுகுக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் காவலுக்கு வேண்டாம். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

நல்ல குட்டியை வாங்கிய நான் அதை வளர்த்ததில் தப்பு செய்தேன். பச்சைக்குட்டி, பட்டியில் விட்டால் பயந்துவிடும் என்று நினைத்து வீட்டு வாசலில் சங்கிலி போட்டு வளர்த்தேன். ஏழு மாதத்தில் ஆள் உயரத்துக்கு எம்பினான். வாசலுக்கு ஒரு ஈ வந்தாலும் குரைப்பான், ஸ்கூட்டரை யாரும் தொட முடியாது. ஆனால் ஆடுகளைப் பார்த்தால் அவன் கண் மாறும். ராஜபாளையம் அடிப்படையில் வேட்டை நாய், காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன இரத்தம். ஓடுகிற எதையும் துரத்தத் தோன்றும். ஒரு நாள் சங்கிலி அறுந்து ஒரு குட்டி ஆட்டின் காதைக் கிழித்துவிட்டான். அதே வாரம் மூன்று கோழி. தெருநாய்க்குப் பயந்து நாயை வாங்கி, அந்த நாய்க்குப் பயந்து பட்டிக்குப் பூட்டுப் போட்டேன்.

கொண்டு போய் விட்டுவிடலாம் என்றே இருந்தேன். பக்கத்துத் தோட்டத்தில் ஆடு மேய்க்கும் பெரியவர்தான் தடுத்தார். "அம்மிணி, நாய் எங்க படுக்குதோ அதத்தான் காக்கும். நீங்க வாசல்ல கட்டி வெச்சிருக்கறீங்க, அது வாசலக் காக்குது. அதும் மேல என்ன தப்பு?" என்றார். வளர்ப்பு பற்றி யார் என்ன சொன்னாலும் எனக்கு இந்த ஒரு வாக்கியம் போதும். துருக்கியில் கங்கால், இத்தாலியில் மரேம்மா வளர்ப்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள், குட்டியிலேயே மந்தையோடு விட்டுவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் வார்னம்பூல் ஊர்க் கரையோரத் தீவு ஒன்றில் நரிகளால் பென்குவின்கள் பத்துக்கும் கீழே குறைந்துபோயின. 2006இல் மரேம்மா நாய்களைப் பழக்கி விட்ட பிறகு அவை மீண்டும் பெருகின. பறவைக்கே காவல் இருக்க நாயால் முடியும், யாரோடு வளர்கிறது என்பதுதான் விஷயம்.

ராசாவுக்கு அந்தப் பழக்கத்தைப் பிந்தித்தான் கொடுத்தோம், அதற்கு முழுசாக ஒரு வருடம் பிடித்தது. பட்டிப் படலுக்கு வெளியே கம்பி வலை கட்டி அதை ஒட்டி அவனைப் படுக்க வைத்தோம். சோறும் தண்ணீரும் அங்கேதான். பகலில் நீளக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஆடுகளுக்கு நடுவே நடப்பேன். துள்ளினால் "ச்சூ" என்று ஒரு அதட்டல், அமைதியாக உட்கார்ந்தால் ஒரு ஈரல் துண்டு. கிடா ஒன்று அவனை இரண்டு முறை முட்டித் தள்ளியது, அது நான் சொல்லிக் கொடுத்ததை விட நன்றாக வேலை செய்தது. ஒன்றே முக்கால் வயதில்தான் கயிறில்லாமல் விட்டேன். பெரிய நாய்களுக்குப் புத்தி நிலைப்பட ஒன்றரையிலிருந்து இரண்டு வயதாகும், அதுவரை உடம்பு மட்டும்தான் பெரிது.

ஒரு நாய் போதாது என்பதும் அந்தக் காலத்தில்தான் தெரிந்தது. ஐந்தாறு தெருநாய் சேர்ந்து வந்தால் இரண்டு நாய் முன்னால் நின்று மற்றவை பின்னால் வரும். தனி நாயால் இரண்டு பக்கமும் பார்க்க முடியாது. அதனால் 2021 தையில் தேனி மாவட்டம் போய் ஒரு கோம்பைப் பெட்டைக் குட்டி வாங்கி வந்தோம். பிரதமர் 2020 ஆகஸ்டில் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என்று பெயர் சொல்லியிருந்தார், நாங்கள் போன இடத்தில் எல்லாம் விசாரிப்பும் விலையும் ஏறியிருந்தன. கோம்பை உயரத்தில் ராஜபாளையத்துக்குக் குறைவுதான். செவலை நிறம், கறுத்த மூஞ்சி, கட்டுமஸ்தான உடம்பு. உயரம் பார்த்து நாய் தேடுபவர்கள் இதை விட்டுவிடுவார்கள். விட்டுவிடாதீர்கள்.

அந்தக் கோம்பைக் குட்டிக்குச் செவலி என்று பேர், வந்த அன்றே அவளைப் பட்டியில் விட்டோம். இளங்குட்டிகள் இருக்கும் மூலையில் சாக்கு விரித்து, ஆடு முட்ட வந்தால் ஓடி ஒளிய அவளுக்கு மட்டும் நுழைகிற மாதிரி ஒரு பொந்து. முதல் இரண்டு ராத்திரி அழுதாள். மூன்றாம் நாள் ஒரு செம்மறிக்குட்டியின் வயிற்றில் தலை வைத்துத் தூங்கினாள். ராசாவுக்கு ஒரு வருடம் சொல்லிக் கொடுத்ததை அவளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுக்கவே இல்லை. எட்டு மாதத்தில் விளையாட்டாகக் குட்டிகளைத் துரத்தினாள், அப்போது மட்டும் ஆறு வாரம் கயிறு.

இரண்டும் வேலை பார்க்கும் விதம் வேறு. ராசா சத்தம். இருட்டியதும் வேலி ஓரமாக ஒரு சுற்று, அங்கங்கே காலைத் தூக்கி மூத்திரம், அப்புறம் கிழக்கு மூலையில் நின்று நாலு முறை குரைப்பு. இங்கே ஆள் இருக்கிறது என்று வெளியே இருக்கும் நாய்க்குச் சொல்வதுதான் பாதிக் காவல், சண்டை என்பது அபூர்வம். செவலி குரைக்க மாட்டாள். ஆடுகளோடு படுத்திருப்பாள், வேலியைத் தாண்டி ஏதாவது உள்ளே வந்தால் மட்டும் எழுவாள். எழுந்தால் அது திரும்பிப் போக வேண்டியதுதான். இரண்டும் சேர்ந்த பிறகு நாங்கள் தெருநாயால் இழந்தது ஒரே ஒரு குட்டி. அதுவும் பகலில், மேய்ச்சலில், வேலிக்கு வெளியே.

செலவைச் சொல்கிறேன். இரண்டுக்கும் சேர்த்து மாதம் மூவாயிரத்தைந்நூறு வரை ஆனது. காலையில் கம்பங்களியோ ராகிக்களியோ மோர் ஊற்றி. சாயங்காலம் ரேஷன் அரிசிச் சோறு, கறிக்கடையில் வாங்கும் கோழிக் கழுத்தும் ஈரலும் வேகவைத்தது, வாரம் மூன்று முட்டை. வெந்த எலும்பு போடுவதில்லை, அது சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். குட்டியில் ஆறேழு வாரத்தில் தொடங்கும் பார்வோ (குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கு நோய்) தடுப்பூசியையும் அடுத்தடுத்த ஊசிகளையும் தள்ளிப்போடாதீர்கள். வெறிநாய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் ஒன்று, பிறகு வருடா வருடம். நாய்க்கு நடுவே வாழ்கிற நாங்கள் மூன்று பேரும் முன்கூட்டியே போட்டுக்கொண்டோம்.

உண்ணிதான் எங்கள் பக்கத்தின் பெரிய தொல்லை. மழை விட்ட பத்தாம் நாள் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் ஏறிவிடும். 2022இல் செவலி இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள், ஈறு வெளுத்திருந்தது. உண்ணிக் காய்ச்சல், இரத்தத்தில் தட்டணுக்கள் அடியில் போயிருந்தன. நாலு வாரம் டாக்ஸிசைக்ளின் கொடுத்து மீட்டோம். அதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு உண்ணி மாத்திரை தவறுவதில்லை. விலை உறைக்கும், ஆனால் வைத்தியச் செலவுக்கு இது குறைவு.

மனிதர்கள் விஷயத்தில் நான் கண்டிப்பாகிவிட்டேன். உறவுக்காரப் பையன் ஒருவன் ராசாவைப் பார்த்து ஓடினான், ஓடியதால் கெண்டைக்காலில் பல் பட்டது. சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் குழாயில் கழுவி, ஊசி எல்லாத் தவணையும் நானே கூட்டிப் போய்ப் போட வைத்தேன். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. அன்றிலிருந்து கேட்டுக்கு இரண்டாவது தாழ், ஒரு மணி, பெரிய எழுத்தில் பலகை. பகலில் இரண்டும் பட்டி ஓரக் கூண்டில், பொழுது சாய்ந்த பிறகுதான் திறப்பு. நாய் நம்முடையது என்றால் அதன் பல்லுக்கும் நாம்தான் பொறுப்பு.

போன ஐப்பசியில் ராசா போய்விட்டான். மழைக்கால இருட்டு, தீவனப் போருக்குப் பக்கத்தில் என் மகள் டார்ச்சோடு போனாள், அவளுக்கு முன்னால் பாய்ந்தான். கண்ணாடி விரியன். முன்னங்காலில் கடி. நாற்பது நிமிடத்தில் டாக்டரிடம் சேர்த்தோம், விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள், வீக்கம் கூட வடியத் தொடங்கியது. ஆனால் விரியன் விஷம் சிறுநீரகத்தைப் பிடிக்கும். மூன்றாம் நாள் மூத்திரம் நின்றது, நாலாம் நாள் விடிகாலையில் என் மடியில் தலை வைத்தபடி போனான். வெள்வேல மரத்தடியில் புதைத்தோம். அந்த வாரம் முழுக்க செவலி பட்டியை விட்டு வெளியே வரவில்லை. எட்டாம் நாள் ராத்திரி கிழக்கு மூலையிலிருந்து குரைப்புச் சத்தம் கேட்டது. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். அதுவரை குரைத்தே பழகாத செவலி, ராசா நிற்கும் இடத்தில் நின்றிருந்தாள்.

தீவனப் போரை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் மாற்றிவிட்டோம், அந்த வழிக்கு ஒரு எல்இடி விளக்கும் போட்டாயிற்று. இப்போது செவலிக்குத் துணையாக இன்னொரு குட்டி தேடுகிறோம். அதுவும் கோம்பைதான் என்கிறேன் நான். உயரத்துக்காக வீட்டுக்காரர் ராஜபாளையமே வேண்டும் என்கிறார், பேச்சு இன்னும் முடியவில்லை. எந்தக் குட்டியாக இருந்தாலும் வண்டியிலிருந்து இறக்கி நேராகப் பட்டிக்குத்தான் போகும், அதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே பேச்சு.

போன வாரம் முத்தூர்ப் பக்கமிருந்து ஒரு அண்ணன் போன் செய்தார், அவர் பட்டியிலும் நாய் இறங்கி நாலு ஆடு போயிருக்கிறது. எந்த நாய் வாங்கலாம், எங்கே கிடைக்கும், என்ன விலை என்று கேட்டார். வாங்குவதற்கு முன்னால் ஒரு ராத்திரி எங்கள் தோட்டத்துக்கு வந்து பட்டி ஓரம் கட்டிலைப் போட்டுப் படுத்து, செவலி என்ன செய்கிறாள் என்று பாருங்கள் என்றேன். வெள்ளிக்கிழமை வருகிறார்.